மூக்குக் கழுவும் பாட்டில்: குமரி மாவட்டத்துச் சைனஸுக்கும் அலர்ஜிக்கும் வாங்கலாமா?

மெடிக்கல் ஸ்டோரில் 'நேசல் வாஷ் கிட்' என்று கேட்டால் எடுத்துத் தரும் பெட்டியைப் பற்றியது இந்த மதிப்பீடு. உள்ளே 240 மில்லி கொள்ளும் மெத்தென்ற பிளாஸ்டிக் பாட்டில், அடிவரை இறங்கும் குழாய், மூக்கில் வைக்கும் முனையோடு கூடிய மூடி, அளந்து கட்டிய உப்புப் பாக்கெட்டுகள் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி நிறமும் விலையும் மாறுமே தவிர, வேலை ஒன்றுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அலர்ஜியால் மூக்கு ஒழுகுகிறவர்களுக்கும், சைனஸில் சளி கட்டி நெற்றியும் கன்னமும் கனக்கிறவர்களுக்கும் இது வாங்கத் தகுந்த பொருள். 5க்கு 4 கொடுக்கலாம். ஒன்றைக் குறைத்தது பாட்டிலின் தரத்துக்காக அல்ல. எந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்பதைப் பெட்டியில் தமிழில், பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்ட பெட்டி அரிது. நம் மாவட்டத்தில் அதைவிட முக்கியமான எச்சரிக்கை வேறில்லை.

யாருக்குப் பலன் தரும்?

மூக்கொழுகல் எல்லாமே தடுமம் இல்லை. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீர்போலத் தெளிவாக ஒழுகுவது, மூக்கும் கண்ணும் அண்ணாக்கும் அரிப்பது, காய்ச்சல் இல்லாதது: இது அலர்ஜி. கெட்டியான சளி முன்னால் வராமல் தொண்டைக்குள் இறங்குவது, குனிந்தால் முகம் கனப்பது, வாசனை மந்தமாவது: இது சைனஸ் பக்கம். நம் ஊரில் பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அலர்ஜியில் மூக்கின் உள்தோல் வீங்கும்போது சைனஸ் அறைகளின் சிறு வாசல்கள் அடைபடுகின்றன. உள்ளே ஊறும் சளி வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. அதனால்தான் ஒன்றுக்கு மட்டும் மருந்து எடுத்தால் மற்றது விடாமல் தொல்லை தருகிறது.

குமரியில் இதற்குக் காரணங்கள் குறைவில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். ஓட்டுவீட்டுச் சுவரில் ஈரம், அலமாரித் துணியில் பூஞ்சை வாடை, இலவம்பஞ்சுத் தலையணையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. ஈரப்பதம் கூடக்கூட இந்தப் பூச்சி பெருகும். இதோடு மேற்குப் பக்கத்தில் அண்டி (முந்திரி) ஆலைப் புகை, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடு, கயிற்றுத் தொழிலில் தும்புத் தூசி. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அள்ளிவரும் மண். மூக்கின் உள்தோலில் ஒட்டிய இந்தத் தூசியையும், அதைப் பிடித்து வைத்திருக்கும் சளியையும் அங்கேயே கழுவி எடுப்பதுதான் பாட்டிலின் வேலை. மாத்திரை அதைச் செய்யாது. உடம்பு தூசிக்குக் காட்டும் எதிர்ப்பை மட்டுமே அடக்கும்.

மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, அலர்ஜி மூக்குக்கு உப்புநீர் கழுவல் தொல்லையைக் குறைக்கலாம் என்றது. சான்றுகளின் வலு குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னது. அந்த அளவில் எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது. கெட்டிச் சளிக்குப் பலன் அன்றே தெரியும். தண்ணீராக ஒழுகும் அலர்ஜிக்கு, தினமும் விடாமல் செய்தால் கொஞ்ச நாளில் தும்மல் குறைவது புரியும். காரம் தின்றாலோ குளிர்காற்று பட்டாலோ மட்டும் மூக்கு ஒழுகுகிறவர்களுக்கு இதனால் பெரிய லாபமில்லை.

தண்ணீர்

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர் எதையும் காய்ச்சாமல் மூக்கில் விடக்கூடாது. குடித்தால் வயிற்றின் அமிலத்தில் செத்துப்போகும் கிருமி, மூக்கின் மேல்கூரை வழியாக மூளைக்குப் போய்விடும். நெக்லீரியா ஃபவுலெரி என்ற அமீபா அப்படிப்பட்டது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். மூக்கு வழியாக மட்டுமே மூளையைத் தாக்கும். தாக்கினால் பிழைப்பவர் மிகச் சிலர். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் இரண்டு பேர், நேத்திப் பாத்திரத்தில் (மூக்குக் கழுவும் சிறு கெண்டி) குழாய்த் தண்ணீரை ஊற்றி மூக்குக் கழுவியதால் இறந்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. 2024இல் களியக்காவிளை தாண்டிக் கேரளத்து நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் குளத்தில் குளித்தவர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்தது. 2025லும் கேரளத்தில் நோயாளிகள் தொடர்ந்து வந்தார்கள். அதே வெப்பம், அதே மாதிரிக் குளங்கள்தான் நம் கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலும். பாட்டிலில் போடும் உப்பு இந்த அமீபாவைக் கொல்லாது. அந்த அளவு உப்பு அதற்குப் பொருட்டே இல்லை.

ஆகவே தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, அந்தக் கொதியிலேயே ஒரு முழு நிமிடம் விட வேண்டும். அடியில் குமிழி வரத் தொடங்கியதும் இறக்குவது கொதிக்க வைத்ததாகாது. மூடிவைத்து ஆறவிடுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள்: சூடாக இருக்கிறதே என்று ஒரு கப் பச்சைத் தண்ணீரைக் கலந்து விளாவுகிறார்கள். குளிக்கிற தண்ணீருக்கு அது சரி. இங்கே காய்ச்சியதெல்லாம் அதோடு வீண். காலைக்கு வேண்டியதை முந்தின இரவே காய்ச்சி மூடி வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. காலையில் அதில் பாதியைத் திரும்பச் சுடவைத்து, ஆறின பாதியோடு கலந்தால் வெதுவெதுப்பு வந்துவிடும். காய்ச்சின தண்ணீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அதில் டம்ளரை முக்கி எடுக்கவும் வேண்டாம், சாய்த்து ஊற்றுங்கள்.

ஆர்ஓ இயந்திரத் தண்ணீரும் 20 லிட்டர் கேன் தண்ணீரும் குடிக்கச் சுத்தமாக இருக்கலாம், ஆனால் கிருமியே இல்லாதவை அல்ல. சேமிப்புத் தொட்டியிலும் குழாயிலும் திரும்பக் கிருமி சேரும். அவற்றையும் காய்ச்சத்தான் வேண்டும். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் வண்டி பேட்டரிக்கானது. 'டிஸ்டில்டு' என்ற பெயரைப் பார்த்து அதை மூக்குக்கு வாங்கிவிடாதீர்கள்.

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கிணற்றுத் தண்ணீர் கரித்தால் அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. பாக்கெட்டையும் போட்டால் அளவு கூடி எரியும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. குடிக்கக் கொண்டுவரும் நல்ல தண்ணீரையே காய்ச்சிக்கொள்ளுங்கள்.

காய்ச்ச வசதியில்லாத நாளுக்கு, ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றும் 0.9 சதவீத நார்மல் சலைன் பாட்டில் நல்ல மாற்று. மெடிக்கலில் 'என்எஸ்' என்று கேட்டால் தெரியும். அதில் உப்பு சரியான அளவில் இருப்பதால் பாக்கெட் எதுவும் போடக்கூடாது. டெக்ஸ்ட்ரோஸ் சேர்ந்ததும் அதே மாதிரி பாட்டிலில்தான் வரும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். சர்க்கரைத் தண்ணீர் மூக்குக்கு ஆகாது. திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். பாட்டிலோடு வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து வெதுவெதுப்பாக்கிப் பயன்படுத்துங்கள்.

உப்பு

வெறும் தண்ணீர் மூக்கில் ஏறினால் ஏன் அப்படி எரிகிறது? நம் ரத்தத்தில் இருக்கும் உப்பைவிடக் குறைவான நீர் உள்தோல் செல்களுக்குள் புகுந்து அவற்றை உப்ப வைக்கிறது. 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு என்ற கணக்கில் கலந்தால் அந்த எரிச்சல் வராது. பாக்கெட்டின் மதிப்பு இந்த அளவில்தான். கண்ணை மூடிக்கொண்டு கிழித்துப் போட்டால் போதும், பிசகாது. அதில் சமையல் சோடாவும் சேர்த்திருப்பார்கள். அது நீரின் புளிப்பைக் குறைத்து மூக்குக்கு இதமாக்கும், சளியையும் இளக்கும்.

ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றால் மாதம் 60 பாக்கெட் ஆகும். பெட்டியில் எத்தனை இருக்கிறது என்று பார்த்து அந்தக் கணக்கோடு விலையை ஒப்பிடுங்கள். சில பெட்டிகளில் பாட்டிலுக்குத்தான் விலை, பாக்கெட் பெயருக்கு இருக்கும். முதல் வாரம் பாக்கெட்டிலேயே செய்து, பழகின பிறகு வீட்டிலேயே கலக்கிக்கொள்வதுதான் சிக்கனம்.

வீட்டுக் கலவை இது: அயோடின் சேர்க்காத தூள் உப்பு 18 கிராம், சமையல் சோடா 5 கிராம். இரண்டும் சேர்ந்து 23 கிராம். நன்றாகக் கலந்து 10 சம பங்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் 240 மில்லிக்குச் சரியாக இருக்கும். எடை பார்க்க இயலாவிட்டால், தட்டிச் சமன்செய்த டீஸ்பூனில் 3 பங்கு உப்புக்கு 1 பங்கு சோடா. கலந்த பொடியில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக ஒரு பாட்டிலுக்கு. ஆப்பச்சோடா என்று நாம் வாங்குவதுதான் சமையல் சோடா. பேக்கிங் பவுடர் வேறு, துணி வெளுக்கும் வாஷிங் சோடா வேறு, இரண்டும் கூடாது.

புத்தளம், சாமிதோப்புப் பக்கம் அளத்து உப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று கல்லுப்பைப் போடுபவர்கள் உண்டு. சமையலில் அதன் ருசி வேறெதிலும் வராது, ஆனால் மூக்குக்கு அது வேண்டாம். கல்லின் பருமன் ஒரே மாதிரி இல்லாததால் கரண்டிக் கணக்கு தப்பும். மண்ணும் மற்ற உப்புகளும் அடியில் தங்கும். இந்துப்புக்கும் இதே குறை. அயோடின் சேர்த்த தூள் உப்பால் ஆபத்தில்லை, ஆனால் சிலருக்கு எரியும். கலவையை 10 நாளுக்கு மேல் வருவதுபோலச் செய்து வைக்காதீர்கள். ஆடியிலும் ஐப்பசியிலும் நம் ஊர் ஈரத்தில் இறுகிக் கட்டியாகிவிடும். கட்டியானதை உடைத்து அளந்தால் அளவு மாறும்.

செய்முறை

கை கழுவுங்கள். காய்ச்சி ஆற வைத்த வெதுவெதுப்பான தண்ணீரை 240 மில்லிக் கோடு வரை ஊற்றி, உப்பைப் போட்டு, மூடித் துளையை விரலால் அடைத்துக் குலுக்குங்கள். ஒரு சொட்டை மணிக்கட்டின் உட்புறம் விட்டுப் பார்த்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. குளிர்ந்த நீர் மண்டையில் விண்ணென்று வலிக்க வைக்கும்.

வாஷ்பேசின் முன் நின்று இடுப்பிலிருந்து குனியுங்கள். முகம் தரையைப் பார்த்து இருக்கட்டும், தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தால் போதும். நிமிர்ந்து அண்ணாந்து செய்தால் தண்ணீர் தொண்டைக்குப் போய்ப் புரையேறும். முனையை மேல் மூக்குத்துவாரத்தில் ஒட்ட வையுங்கள். உள்ளே குத்த வேண்டாம், இடைவெளி இல்லாமல் மூடியிருந்தால் போதும். வாயைத் திறந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மெதுவாகப் பிழியுங்கள். 'க்' என்று இழுத்துச் சொன்னால் அண்ணாக்கின் பின்பகுதி எழும்பித் தொண்டையை மூடிக்கொள்ளும். தண்ணீர் மறு துவாரம் வழியாக விழும், கொஞ்சம் வாய்வழியாகவும் வரும். விழுங்காமல் துப்பிவிடுங்கள், தெரியாமல் கொஞ்சம் போனாலும் கெடுதல் இல்லை. பாதி, அதாவது 120 மில்லி ஒரு பக்கம், மீதி மறுபக்கம். பக்கம் மாற்றும்போது அழுத்தத்தை விடும் முன் முனையை மூக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். மூக்கில் வைத்தபடியே விட்டால் பாட்டில் சளியோடு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முடிந்ததும் உடனே பலமாக மூக்கைச் சிந்தக்கூடாது. குனிந்தபடியே கொஞ்ச நேரம் வடியவிட்டு, இரண்டு துவாரமும் திறந்திருக்க மெதுவாகச் சிந்துங்கள். ஒன்றை அழுத்திப் பிடித்துச் சிந்தினால் தண்ணீர் காதுக்குப் போகும் குழாயில் ஏறிக் காது அடைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்துச் செருப்பு மாட்டக் குனியும்போது பொளக்கென்று ஒரு வாய்த் தண்ணீர் மூக்கிலிருந்து கொட்டும். சைனஸ் அறையில் தங்கியது அது, பயப்பட வேண்டாம். இதனால்தான் படுக்கப் போகும் முன் செய்யக்கூடாது. குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தங்கிய நீர் தொண்டைக்கு இறங்கி இரவெல்லாம் இருமல்.

அண்டி ஆலையிலும் தும்பு அடிக்கும் இடத்திலும் வேலை பார்ப்பவர்கள் வேலை முடிந்து வந்ததும் செய்வதுதான் மிகப் பொருத்தம். காலையில் தும்மல் தொல்லை அதிகம் இருப்பவர்கள் எழுந்ததும் ஒரு தடவை செய்யலாம். நாளைக்கு இரண்டுக்கு மேல் அவசியமில்லை.

எரிந்தால் முதலில் உப்பு அளவைச் சந்தேகப்படுங்கள், பிறகு சூட்டை. இரண்டும் சரியாக இருந்தும் எரிகிறது என்றால் உள்தோல் புண்ணாக இருக்கிறது. இரண்டொரு நாளில் அடங்கும். காது அடைத்தால் பிழிந்த வேகம் அதிகம். மறுபக்கம் தண்ணீரே வரவில்லை என்றால் ஒரு பக்கம் முழுக்க அடைத்திருக்கிறது. அதை மீறி அழுத்தாதீர்கள், திறந்திருக்கும் பக்கத்திலிருந்து மெதுவாகத் தொடங்குங்கள். எப்போதும் ஒரே பக்கம்தான் அடைப்பு என்றால் மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கலாம், அல்லது பாலிப் சதை வளர்ந்திருக்கலாம். அது பாட்டிலால் தீராது.

செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், காதில் சீழ் வடிபவர்கள், மூக்கிலோ காதிலோ அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சொன்னதைப் புரிந்து குனிந்து நிற்கத் தெரியாத சின்னக் குழந்தைக்குப் பாட்டில் வேண்டாம். சலைன் சொட்டு போதும்.

பாட்டிலை எப்படிப் பார்த்து வாங்குவது?

கடையிலேயே பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாட்டில் இரண்டு விரலில் எளிதாக அமுங்க வேண்டும். கடினமான பிளாஸ்டிக் என்றால் முதலில் அமுங்காமல் இருந்து பிறகு ஒரேயடியாகப் பீய்ச்சும். காது அடைப்புக்கு அதுவே காரணம். உள்குழாய் அடியைத் தொடும் நீளத்தில் இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் கடைசித் தண்ணீர் வராமல் காற்று மட்டும் குமிழியடிக்கும். மூடித் திருகு இரண்டு சுற்றாவது பிடிக்க வேண்டும். முனை வழவழப்பாக, விளிம்பில் பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். பிசிறு இருந்தால் ரத்தம் வரும். மூடியும் குழாயும் முழுசாகக் கழன்று வருவதையே வாங்குங்கள். கழற்ற முடியாத இடுக்கில்தான் பூஞ்சை பிடிக்கும்.

மற்ற வகைகளையும் சொல்லிவிடலாம். கெண்டிபோல மூக்கு வைத்த நேத்திப் பாத்திரத்தில் அழுத்தம் இல்லை, தண்ணீர் தானாக வழியும். காது அடிக்கடி அடைக்கிறவர்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் கெட்டிச் சளியை அது அசைக்காது. செம்பு நேத்தி அழகாக இருக்கும், உப்புநீர் பட்டுப் பச்சைக் களிம்பு பிடிக்கும். பீங்கானோ பிளாஸ்டிக்கோ மேல். 20 மில்லி ஊசிக்குழாயில் ஊசியில்லாமல் செய்வதும் உண்டு, செலவு மிகக் குறைவு, ஆனால் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும், வேகமும் கையில் நிற்காது. சலைன் ஸ்பிரே மூக்கை நனைக்கும், கழுவாது. பஸ் பயணத்துக்கும் ஏசி அறைக்கும் அது போதும்.

கழுவுவதும் உலர்த்துவதும்: ஒவ்வொரு தடவையும் மூடி, குழாய், பாட்டில் மூன்றையும் பிரித்து, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கி, கடைசி அலசலைக் காய்ச்சின தண்ணீரால் செய்யுங்கள். குழந்தைப் பால்புட்டிப் பிரஷ் இதற்கு வசதி. உதறிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் கவிழ்த்து வையுங்கள். குளியலறை அலமாரியில் வைத்தால் அடைமழை மாதங்களில் உலரவே உலராது. கறுப்புப் புள்ளி கண்டால் தேய்த்துப் பார்க்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். புள்ளி இல்லாவிட்டாலும் 3 மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். ஒரு பாட்டிலை வீட்டில் இரண்டு பேர் பங்கு போடக்கூடாது.

பாட்டிலோடு சேரும் மருந்துகள்

கழுவுதல் மட்டும் போதாதவர்களுக்கு டாக்டர் எழுதுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே: ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் வகை. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டுப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு பீய்ச்சலில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு; மொமெட்டசோனில் 50 மைக்ரோகிராம். ரத்தத்தில் சேருவது மிகக் கொஞ்சம். அலர்ஜி மூக்கடைப்புக்கு மிக வலுவான மருந்துகளில் ஒன்று இது. ஆனால் இது உடனே பேசாது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகலாம். நாலாம் நாள் 'இது சரியில்லை' என்று நிறுத்துவதுதான் நடக்கிறது.

கழுவி 10, 15 நிமிடம் கழித்து ஸ்பிரே அடித்தால் மருந்து சளிமேல் படாமல் தோலில் படும். கழுவுவதற்கு முன் அடித்தால் மருந்தெல்லாம் வாஷ்பேசினில். புது ஸ்பிரேயைக் குலுக்கி, மெல்லிய பனிபோல வரும்வரை காற்றில் அடித்துவிட்டுத் தொடங்குங்கள். வலது கையால் இடது துவாரத்தில், இடது கையால் வலது துவாரத்தில். முனை கண்ணின் வெளிமூலையைப் பார்த்திருக்கட்டும். நடுத்தண்டை நோக்கி அடிப்பதால்தான் மூக்கில் ரத்தம் கசிகிறது. அடித்ததும் உறிஞ்சி இழுக்காதீர்கள், தொண்டையில் கசந்தால் மருந்து வீணாகிறது என்று பொருள். கண்ணழுத்தமோ கண்புரையோ இருப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

தும்மலுக்கும் ஒழுகலுக்கும் செடிரிசின் 10 மி.கி. அல்லது லெவோசெடிரிசின் 5 மி.கி. மாத்திரை நன்றாகவே கேட்கும், அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. தூக்கம் வரும், இரவில் போடுவதே நல்லது. காலையில் பைக் ஓட்டவோ ரப்பர் வெட்டப் போகவோ வேண்டியவர்கள் தூக்கம் குறைந்த ஃபெக்ஸோஃபெனடின் பற்றிக் கேட்கலாம். அதைப் பழச்சாற்றோடு விழுங்கினால் உடம்பில் சேருவது குறையும், தண்ணீரோடுதான் போட வேண்டும். பழைய வகையான குளோர்பெனிரமின், பெனிரமின் தூக்கத்தோடு சளியையும் இறுக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையை வெறும் மூக்கொழுகலுக்கு நீங்களாகத் தொடராதீர்கள். மனநிலையையும் தூக்கத்தையும் பாதிக்கலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துத் துறை அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது.

கடையில் யாரும் சீட்டு கேட்காமல் தருவது அடைப்பு திறக்கும் சொட்டுதான். ஓட்ரிவினில் இருப்பது சைலோமெட்டசோலின், நாசிவியானில் ஆக்சிமெட்டசோலின். ஐந்து நிமிடத்தில் மூச்சு திறக்கும், அதுதான் இதன் ஈர்ப்பு. ரத்தக்குழாயைச் சுருக்கி அடைப்பைத் திறக்கிறதே தவிர, அலர்ஜியை இது தொடாது. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் சுருங்கிய குழாய்கள் மருந்து இறங்கியதும் முன்னைவிட வீங்கும். வீங்கியதும் திரும்பச் சொட்டு, திரும்ப வீக்கம். மாதக்கணக்கில் இந்தச் சுழலில் கிடப்பவர்கள் ஒரேயடியாக நிறுத்தத் திணறுவார்கள். ஒரு துவாரத்துக்கு முதலில் நிறுத்தி, அது தேறிய பிறகு மற்றதை நிறுத்துவது ஒரு வழி. கூடவே ஸ்டீராய்டு ஸ்பிரேயும் கழுவலும் இருந்தால் தாங்கும். ரத்தக்கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் இதைத் தாங்களாக வாங்கக்கூடாது.

குழந்தைக்கு ஜலதோஷ சிரப் வாங்குகிறவர்கள் கவனிக்க: குளோர்பெனிரமினும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது.

நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது இதமான பழக்கம், அடைப்பு கொஞ்ச நேரம் இளகும். தூசியை அது வெளியே எடுக்காது. குழந்தையைக் கொதிபாத்திரத்துப் பக்கம் உட்கார வைப்பதுதான் ஆபத்து, வெந்த புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போவது அப்படித்தான். குளித்ததும் உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்ப்பதில் கெடுதல் இல்லை. அணு தைலம் போன்றவற்றை மூக்கில் சொட்டும் நசியத்தைக் கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரி மாதிரி இடத்தில் வைத்தியர் பார்த்துச் சொன்னால் செய்துகொள்ளுங்கள். கழுவும் பாட்டிலில் எண்ணெயைக் கலக்க மட்டும் வேண்டாம், நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவாக மாறக்கூடும்.

ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. சளி மஞ்சளானது மட்டும் அதற்குக் காரணமாகாது. 10 நாளாகியும் குறையாதது, குறைந்து வந்தது திடீரென்று கூடுவது, கடும் காய்ச்சலோடு முகவலி: இவைதான் டாக்டர் யோசிக்கும் அடையாளங்கள்.

பாட்டிலை வைத்துவிட்டு உடனே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ போக வேண்டிய நிலைகள் உண்டு. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கழுத்து விறைப்போடு காய்ச்சல். ஒரே பக்கம் ரத்தம் கலந்து வடிவது. தலையில் அடிபட்ட பிறகு, குனிந்தால் ஒரு பக்கம் மட்டும் தெளிந்த நீர் சொட்டி உப்புக் கரிப்பது. அது சளியல்ல, மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம், அதை அலர்ஜி என்று மாதக்கணக்கில் மாத்திரை போடுபவர்கள் உண்டு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு முகவலியோடு மூக்கில் கறுத்த பொருக்கு கண்டால் 2021இல் நாம் கேட்டுப் பழகிய கறுப்புப் பூஞ்சையை நினைக்க வேண்டும், ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் சளி என்றால் உள்ளே புளியங்கொட்டையோ பட்டனோ இருக்கலாம். பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் தண்ணீர் பீய்ச்சவே கூடாது. ஈரம் பட்டால் அது உள்ளே சுட்டுப் பொசுக்கும், மணிக்கணக்கில் நடுத்தண்டு ஓட்டையாகிவிடும்.

கிடைக்கும் இடம்: நாகர்கோவில் மீனாட்சிபுரம், வடசேரி, ஆசாரிபள்ளம், மேற்கே தக்கலை, மார்த்தாண்டம் பெரிய மெடிக்கல்களில் கேட்டுப் பாருங்கள். சின்னக் கடையில் 'மூக்குக் கழுவும் பாட்டில்' என்றால் சலைன் ஸ்பிரேயை எடுத்து நீட்டுவார்கள். '240 மில்லி, உப்புப் பாக்கெட்டோடு' என்று சொல்லுங்கள். இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லலாம். பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்க்க வேண்டும், பிசுபிசுத்துக் கட்டியான பாக்கெட்டை மாற்றிக் கேட்க வேண்டும். முதல் தடவை வாங்கும்போது பாட்டிலும் குறைந்த பாக்கெட்டும் உள்ள சிறு பெட்டியே போதும். ஒரு வாரம் செய்து மூக்குக்கு ஒத்துவந்த பிறகு பெரியது வாங்கிக்கொள்ளலாம்.